ஹிரோஷிமாவில் சும்மா ஒரு நாள்!

ஹிரோஷிமான்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15, அணுகுண்டு... அவ்வளவுதானே? ஸ்கூல் வரலாற்றுப் புத்தகத்தோட எனக்கும் அந்த ஊர் முடிஞ்சு போச்சு. 2025 நவம்பரில் காலேஜ் குழுவோடு இரண்டு வாரம் ஜப்பான் போனோம். லேப், லெக்சர், ஃபேக்டரி விசிட் எல்லாம் முடிந்து, கடைசியா ஹிரோஷிமாவில் ஒரு வெள்ளிக்கிழமை ஃப்ரீ! கூட வந்தவங்க ஷாப்பிங் கிளம்ப, நான் தனியா ஊர் சுற்றக் கிளம்பினேன். ப்ளான் இல்லை, கைடு இல்லை. மனசுக்குள்ளே மட்டும் ஒரு உறுத்தல். அவ்வளவு பேர் செத்துப்போன ஊரில், ஜாலியா சுத்தறது சரியா?

உங்களுக்கு டிராம் பிடிக்குமா? அப்போ இந்த ஊர்ல நாள் போறதே தெரியாது. ரயில்வே ஸ்டேஷன் கட்டடத்தின் இரண்டாவது மாடிக்குள்ளேயே டிராம் ஏறி வந்து நிற்குது! 2025 ஆகஸ்ட்டில்தான் இந்தப் பாதையைத் திறந்தாங்க. வெள்ளை கையுறை போட்ட டிரைவர், சிக்னலை விரல் நீட்டிக் காட்டி, வாயாலும் சொல்லிட்டுத்தான் வண்டியை எடுக்கறார். கண், கை, வாய் மூணும் சேர்ந்தா கவனம் சிதறாதாம். நம்ம லேப்ல ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி ட்ரை பண்ணலாம்!

ஒரு நிறுத்தத்தில் காத்திருந்தப்போ, பச்சையும் க்ரீமுமா பழைய வண்டி ஒன்று வந்தது. நம்பர் 652. குண்டு விழுந்த அன்று ஊருக்குள் இருந்து, அடிபட்டு, ரிப்பேராகி, இன்னும் ஓடிட்டிருக்கிற வண்டி அது. 651-ம் அப்படித்தான். இன்னொரு விஷயம் கேளுங்க. போருக்கு ஆண்கள் போய்விட்டதால், 1943-ல் டிராம் கம்பெனியே பெண்களுக்கு ஒரு பள்ளி ஆரம்பித்தது. பதினாலு, பதினஞ்சு வயசுப் பொண்ணுங்க பாதி நேரம் படிச்சு, பாதி நேரம் டிராமில் வேலை பார்த்தாங்க. குண்டு விழுந்த மூன்றாம் நாள், ஆகஸ்ட் 9-ம் தேதி, ஒரு சின்ன தூரத்துக்கு டிராம் திரும்ப ஓடியது. அதிலும் அந்தப் பொண்ணுங்க இருந்தாங்க. நம்மளைவிட சின்னவங்க!

அணுகுண்டு டோம் பக்கம் இறங்கினேன். செக் நாட்டு ஆர்க்கிடெக்ட் யான் லெட்ஸெல் வடிவமைத்து 1915-ல் கட்டிய கட்டடம். இப்போ மேலே வெறும் இரும்புக்கூடு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மியூசியம். உள்ளே துருப்பிடித்த ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருக்கு. ஓட்டின பையனுக்கு நாலு வயசு நிறைய ஒரு மாசம் பாக்கி. அவனோடு சேர்த்து அதையும் அப்பா தோட்டத்தில் புதைத்துவிட்டார். 1985-ல் தோண்டி எடுத்து மியூசியத்துக்குக் கொடுத்தாராம். அந்த இடத்தில் யாருமே பேசலை. வெளியே வந்து ஆற்றங்கரையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தனியா வந்ததுதான் நல்லதுன்னு தோணுச்சு. யாரும் 'அடுத்து எங்கே?'ன்னு கேட்கலை.

அங்கிருந்து மெதுவா நடந்தா ஷுக்கேயென் தோட்டம். 1620-ல் போட்டது. குண்டில் மொத்தமா எரிஞ்சுபோச்சு. ஆனா, குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 1.4 கிலோமீட்டர் தூரத்தில் நின்ற ஒரு கிங்கோ மரம் சாய்ந்தபடியே பிழைச்சுக்கிச்சு. நான் போனப்போ அது மஞ்சளா இலை உதிர்த்துட்டிருந்தது. இப்படித் தப்பிய மரங்கள் ஊரில் சுமார் 160 இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் பேர்ப்பலகை!

பசி வந்தாச்சு. ஒகோனோமியாகி கடையில் கல்லுக்கு நேர் எதிரே இடம் கிடைச்சது. தோசை மாதிரி மெல்லிசா மாவு ஊற்றி, மேலே மலை மாதிரி முட்டைக்கோஸ், அப்புறம் நூடுல்ஸ், முட்டை, சாஸ். பன்றி இறைச்சி வேண்டாம்னு கையை ஆட்டினேன், பாட்டி தலையாட்டிட்டாங்க. போர் முடிஞ்ச பஞ்ச காலத்தில், கிடைச்ச மாவையும் முட்டைக்கோஸையும் வச்சு வயிறு நிரப்பிய பலகாரம்தான் இப்படி வளர்ந்ததாம்.

கடைச் சுவர் முழுக்க சிவப்பு. எல்லாம் ஹிரோஷிமா கார்ப் பேஸ்பால் டீம் போஸ்டர்கள். நம்ம ஊருக்கு சிஎஸ்கே மஞ்சள் மாதிரி. குண்டு விழுந்து அஞ்சு வருஷம்கூட ஆகாத ஊர் ஆரம்பிச்ச டீம் இது. 1951-ல் காசில்லாமல் மூடப்போற நிலைமை. மைதான வாசலில் ஒரு பீப்பாயை வச்சாங்க. ஜனங்க சில்லறையைப் போட்டுப் போட்டு டீமைக் காப்பாத்திட்டாங்க. முதல் லீக் பட்டம் வந்தது 1975-ல்!

யோசிச்சுப் பாருங்க. வீடே சரியா இல்லாதவங்க, ஒரு விளையாட்டு டீமுக்காகக் காசு போட்டிருக்காங்க. சிரிக்க, கத்த, சாயங்காலம் எங்கேயாவது போக அவங்களுக்கும் ஒரு காரணம் வேணும்ல? என் உறுத்தல் அங்கேதான் கொஞ்சம் இறங்கிச்சு. பாட்டி 'ஓய்ஷி?'ன்னு கேட்டாங்க. ருசியா இருக்கான்னு அர்த்தம். வாய் நிறைய வச்சுக்கிட்டு 'ஓய்ஷி!'ன்னேன்.

ஹிரோஷிமா போற சான்ஸ் கிடைச்சா, மியூசியத்தை மட்டும் பார்த்துட்டு அடுத்த புல்லட் ரயிலைப் பிடிச்சு ஓடாதீங்க. ஒரு முழு நாள் ஒதுக்குங்க. டிராமில் ஜன்னலோரம் உட்காருங்க, பசிச்சா சாப்பிடுங்க. 652 வந்தா, கண்டிப்பா ஏறிடுங்க!