நாலு மில்லிமீட்டர்

வீணை பழகிய கை மலை டல்சிமரைத் தொட்டால் முதலில் தட்டுப்படுவது அதில் இல்லாத மெட்டுகள்தான். வீணையில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு, மொத்தம் 24. டல்சிமரில் ஒரு ஸ்தாயிக்கு ஏழே ஏழு. பியானோவின் கறுப்புக் கட்டைகளை யாரோ பிடுங்கிக்கொண்டு போனதுபோல, சில இடத்தில் விலகியும் சில இடத்தில் ஒட்டியும் நிற்கும்.

கென்டக்கியில், லெக்சிங்டன் நகரத்தில் குடியிருக்கிறேன். இங்கிருந்து கிழக்கே போனால் அப்பலாச்சிய மலைகள். அந்த மலை வீடுகளில் பிறந்த வாத்தியம் இது. சுத்தியால் தட்டி வாசிக்கும் பெரிய டல்சிமர் வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று. இது மடியில் குறுக்கே கிடத்தி வாசிப்பது. ஒடுங்கிய இடுப்பு, பெரும்பாலும் இதய வடிவத் துளைகள், மூன்று அல்லது நான்கு தந்தி. ஜெர்மானியக் குடியேறிகள் கொண்டுவந்த ஷைட்ஹோல்ட் என்ற நீளப்பெட்டி வாத்தியத்தின் வழிவந்தது என்பது பொதுவான கருத்து. கென்டக்கியின் வைப்பர் என்ற சிற்றூரில் 1922இல் பிறந்த ஜீன் ரிச்சி, நாற்பதுகளில் இதைத் தூக்கிக்கொண்டு நியூயார்க் போனார். மலைக்கு வெளியே இதைப் பலர் கேட்டது அவர் கையால்தான்.

பழைய முறையில் இடது கையில் ஒரு சிறு குச்சி, வலது கையில் வான்கோழி இறகு. குச்சி ராகத் தந்தியின் மேல் மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். மற்றத் தந்திகளை யாரும் அழுத்துவதில்லை; ஸ, ப என்று ஒலித்துக்கொண்டே இருக்கும். அதாவது தம்புராவை உள்ளேயே வைத்துக் கட்டிய வாத்தியம். பல பழைய டல்சிமர்களில் மெட்டு பலகையின் முழு அகலத்துக்கும் இருக்காது. கம்பியை வளைத்து, ராகத் தந்திக்குக் கீழே மட்டும் அடித்திருப்பார்கள்.

இதில் எனக்குப் பித்துப்பிடித்தது ஒரு சனிக்கிழமை மதியம், மெட்டுகளை ஒவ்வொன்றாக ஸட்ஜமாக்கிப் பார்த்தபோது. எதையும் அழுத்தாத தந்தியிலிருந்து தொடங்கினால் அரிகாம்போதி. முதல் மெட்டிலிருந்து நடபைரவி. இரண்டாவதில் பஞ்சமம் கிடைக்காது, விட்டுவிடலாம். மூன்றாவது சங்கராபரணம், நான்காவது கரகரப்பிரியா, ஐந்தாவது தோடி, ஆறாவது கல்யாணி. வீணை வகுப்பில் கிரகபேதம் என்று நோட்டில் எழுதிக்கொண்டது, இங்கே மரத்தில் அடித்து வைக்கப்பட்டிருக்கிறது. விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ (1947) வாசித்தவர்களுக்கு வேறு பெயர்கள் நினைவுக்கு வரும். ஆய்வாளர் பலர் செம்பாலையை அரிகாம்போதியாகக் கொள்கிறார்கள். அதிலிருந்து குரலை மாற்றிக்கொண்டே போனால் படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என்று அதே வரிசைதான். யாழுக்கும் அப்பலாச்சியாவுக்கும் உறவு என்று நான் சொல்லவரவில்லை. அந்த வேலைக்கு நம்மிடம் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஏழு சுரத்தை வைத்துக்கொண்டு ஸட்ஜத்தை நகர்த்தினால் எந்த மலையிலும் இதுதான் கிடைக்கும்.

நகர்த்துவதற்கு அவர்கள் கண்ட வழி எளிது. ஸ, ப தந்திகளைத் தொடாமல் ராகத் தந்தியை மட்டும் மாற்றுவார்கள். அதைப் பஞ்சமத்துக்கு வைத்தால் ஸட்ஜம் மூன்றாம் மெட்டில் விழும், சங்கராபரணம். மேல் ஸட்ஜத்துக்கு வைத்தால் அரிகாம்போதி. கைசிகி நிஷாதத்துக்கு வைத்தால் நடபைரவி. மத்திமத்துக்கு இறக்கினால் கரகரப்பிரியா. பாட்டு மாறும்போது பிரடையைத் திருகவேண்டும், அவ்வளவுதான். இந்தத் திருகல் பொறுக்காமல்தான் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஒரு மெட்டைச் சேர்த்தார்கள். பழைய எண்களைக் கலைக்க மனமில்லாமல் அதற்கு ஆறரை என்று பெயர். நல்லவேளை, ஏழரை என்றிருந்தால் நம்மவர்கள் வாங்கமாட்டார்கள்.

என் மகளுக்கு இப்போது பதினாறு வயது. பள்ளியில் டல்சிமர் கற்றவள். போன குளிர்காலத்தில் நாங்கள் இருவருமாக ஒன்று செய்யலாம் என்று மரமும் பிரடையும் தந்தியும் வாங்கினோம். விரல்பலகை வெறுமையாக வந்தது. மெட்டு எங்கே என்பது எங்கள் பொறுப்பு. பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

தந்தியின் நீளம் 700 மில்லிமீட்டர் என்று வைத்தோம். 7ஆம் மெட்டு நடுவில், 350இல். அதில் சண்டை இல்லை. (அழுத்தும்போது தந்தி இறுகிச் சுருதி கொஞ்சம் ஏறும், அதற்காகக் குதிரையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பின்தள்ளவேண்டும். அதிலும் சண்டை இல்லை.) ராகத் தந்தி பஞ்சமத்தில் நிற்கும்போது காந்தாரம் பேசுவது 5ஆம் மெட்டு. தம்புராவோடு இழைகிற அந்தர காந்தாரம் வேண்டுமானால் அது தலைப்பக்க முனையிலிருந்து 280இல் இருக்கவேண்டும். கித்தார் கணக்குப்படி, அதாவது ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கும் கணக்குப்படி, 283.8. நாலு மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லை. காதுக்கு அது சின்ன விஷயமில்லை. 283.8இல் வைத்து மீட்டினால் ஆதார ஸட்ஜத்தின் மேலொலியோடு காந்தாரம் மோதி, நொடிக்கு ஏறத்தாழ ஆறு தடவை அலை அடிக்கும். 280இல் அலை அடங்கிவிடும். பெட்டி முழுக்க ஒரே குரலாகும்.

பக்கத்து ஊரில் வாத்தியம் செய்யும் முதியவர் ஒருவரிடம் யோசனை கேட்டோம். பலகையை இப்போதே அறுக்கவேண்டாம், கம்பித் துண்டுகளை ஒட்டுநாடாவால் ஒட்டி மூன்று வாரம் வாசியுங்கள், கம்பியை நகர்த்தி நகர்த்திக் கேளுங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் ஆசாரி மெழுகில் செய்வதும் இதுதானே. வீணைக்கு மேளம் கட்டுபவர் மெழுகோடு கரித்தூளைக் குழைத்து, மெட்டை அதில் நிறுத்தி, மீட்டிக் கேட்டு, மயிரிழை நகர்த்தி, மறுபடி கேட்பார். அளவுகோல் கிடையாது. என் வீணைக்குக் கடைசியாக மேளம் கட்டியது என் கல்யாணத்துக்கு முன்னால். இந்த ஊர் வெயிலிலும் ஹீட்டர் சூட்டிலும் மெழுகு இளகி இறுகி, மேல் ஸ்தாயியில் இரண்டு மெட்டுகள் பொய் பேசுகின்றன. சரிசெய்ய இங்கே ஆளில்லை. மெட்டு எங்கே நிற்கவேண்டும் என்று என்னோடு அரைமணி நேரம் பேசிய ஒரே மனிதர் இந்த டல்சிமர்காரர்தான்.

கம்பியை 280இல் ஒட்டி மகளை வாசிக்கச் சொன்னேன்.

“அம்மா, இது ஃப்ளாட்டா இருக்கு.”

“எது?”

“இந்த நோட். கீழ இருக்கு. கேக்கலையா உனக்கு?”

கேட்டது. எனக்கு அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததுபோல் கேட்டது. அவளுக்கு அது சுருதி சேராத சுரம். குழந்தையிலிருந்து அவள் கேட்டது பியானோ, கித்தார், காருக்குள் ஓடும் பாட்டு. எல்லாம் சமபங்குக் காந்தாரம். நான் பூஜையறையில் தம்புராச் செயலியைப் போட்டுக்கொண்டு வாசித்ததும் அவள் காதில் விழுந்திருக்கும்தான். ஆனால் எந்த ஒலி நேர், எது கோணல் என்பதை அவள் காது வேறு இடத்தில் முடிவுசெய்துவிட்டது. இதில் யார் காது தப்பு என்று சொல்ல முடியவில்லை. எனக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை.

பிறகு வீணைக்காரியாக வாதாடினேன். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி ஏறும், ஒருபோதும் இறங்காது. மெட்டு 280இல் இருந்தால் வேண்டியபோது இழுத்து உன் சுரத்தைப் பிடிக்கலாம். 283.8இல் அறைந்துவிட்டால் என் சுரத்துக்கு இறங்க வழியே இல்லை. நல்ல வாதம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். அவள் மூன்று தந்தியையும் சேர்த்து அழுத்தி வேகமாக ஒரு நடனப் பாட்டு வாசித்துக் காட்டினாள். “இதுல எங்கம்மா இழுக்கறது?” கொஞ்ச நேரம் கழித்து, “நான் தனியா வாசிக்கப் போறதில்லம்மா” என்றாள். வியாழக்கிழமைகளில் அவள் கூட்டத்தில் இரண்டு கித்தார், ஒரு பாஞ்சோ. 280ஐ எடுத்துக்கொண்டு போனால் அங்கே அவள் மட்டும் அபஸ்வரம்.

பலகையை 283.8இல் அறுத்தோம். ரம்பம் அவள் கையில், அளவுகோலைப் பிடித்தது நான். வாத்தியம் நன்றாகவே வந்திருக்கிறது.

இப்போது இரண்டாவது ஒன்று மேசைமேல் கிடக்கிறது, என்னுடையது. ராகத் தந்திக்குக் கீழே மட்டும் வளைத்தடித்த கம்பிகள், பழைய மலைக்காரர்கள் போல. ஐந்தாவதை 280இல் அடித்தாயிற்று. முதல் மெட்டுத்தான் படுத்துகிறது. ராகத் தந்தி மேல் ஸட்ஜத்தில் நின்றால் அது ரிஷபம், 77.8இல் கேட்கிறது. பஞ்சமத்தில் நின்றால் அதே மெட்டு கீழ்த் தைவதமாகிவிடும். ஸட்ஜத்தோடு இழைய 70 வேண்டும். ஒரே கம்பி, எட்டு மில்லிமீட்டர் தகராறு. மகள் 76.4 என்கிறாள், அவளுடைய கணக்கு. இப்போதைக்கு அந்தக் கம்பியை மட்டும் ஒட்டுநாடாவில் வைத்திருக்கிறேன். தந்தியைத் திருகும்போது அதையும் நகர்த்திக்கொள்கிறேன்.