மாமி வீட்டு நிலைக்கட்டை

புத்தளத்தில் வளர்ந்த எனக்கு நானாட்டான், மாமியின் கதைகளில் வரும் ஊர் மட்டுமே. சென்ற விடுமுறையில்தான் அங்கு போகும் வாய்ப்புக் கிடைத்தது. மதவாச்சி வழியாக முருங்கன் வந்து, சிலாவத்துறை வீதியில் திரும்பினோம். கட்டுக்கரைக் குளத்து நீரில் விளையும் வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் பசேலென்று கிடந்தன.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை வெளியேற்றியபோது, மாமியும் உடுத்த துணியோடு புறப்பட்டவர். 2009இல் போர் முடிந்த பின் திரும்பி வந்தால், வீடிருந்த இடத்தில் பற்றைக்காடு! அதை வெட்டியபோது, முன்வாசல் நிலையின் துண்டொன்று மட்டும் மிஞ்சியிருந்தது.

"இது வாப்பா பர்மாவில இருந்து எடுப்பிச்ச தேக்கு, மகள். எங்கட வீட்டில இருந்த ஒரே சீமைச் சாமான்" என்று மாமி பெருமையோடு காட்டினார்.

கையில் தூக்கிப் பார்த்தேன், இரும்பாய்க் கனத்தது. சந்தேகம் வந்து, அயலிலுள்ள வயதான ஓடாவியாரை அழைத்தோம். அவர் ஓரத்தில் சிறு துண்டை அறுத்து வாளித் தண்ணீரில் போட்டார். காய்ந்த தேக்கென்றால் மூன்றில் ஒரு பங்காவது நீருக்கு மேலே தெரியுமாம். இதுவோ ஏறக்குறைய முழுவதும் அமிழ்ந்து நின்றது. பாலை மரமாக இருந்தால் அடிக்கே போய்விடும், நிறமும் செம்மையாக இருக்கும் என்றார்.

பிறகு சீவுளியால் இரண்டு இழுப்பு இழுத்தார். கருத்த மேற்பரப்பின் அடியில் பொன்மஞ்சள்! வெயிலில் சாய்த்தபோது பட்டுச் சேலை போல வரிவரியாய் மினுங்கியது. சீவலிலே நறுமணம்.

"முதிரை, அம்மா. நம்மட வன்னிக் காட்டு மரம். ஒரு காலத்தில வெள்ளைக்காரன் கப்பல்ல ஏத்தினதே இதைத்தான்" என்றார்.

சகோதரிகளே, பழைய பலகை இருந்தால் நீங்களும் இப்படிப் பார்க்கலாம். ஆனால் முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும், கவனம்.

மறுநாள் மன்னார்த் தீவின் பள்ளிமுனைக்குப் போய்ப் பெருக்கமரத்தைப் பார்த்தோம். சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர்! அதன் பூர்வீகம் ஆபிரிக்கா. அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். அது உண்மையிலேயே வெளியூர் மரம். அதையே மன்னாரின் அடையாளம் என்கிறோம். மாமி வீட்டு உள்ளூர் மரத்துக்கோ சீமைப் பெயர்!

திரும்பும் வழியில் மாமி பேசாமல் வந்தார். வாப்பாவின் பர்மாக் கதை பொய்த்த வருத்தமோ என்று கேட்டேன்.

"இல்ல மகள். நாங்க திரும்பி வந்தப்போ, பிறந்த ஊரிலேயே எங்களையும் 'வந்த ஆக்கள்' எண்டுதான் சொன்னாங்க. இந்தக் கட்டையை நானும் அப்படித்தானே சொல்லிக்கிட்டிருந்தேன்."

இப்போது அந்த முதிரைத் துண்டு, புது வீட்டு முன்வாசலுக்கு மேலே பதிந்திருக்கிறது. யார் வந்தாலும் மாமி அதைத் தொட்டுக் காட்டி, "இந்த மண்ணு மரம்" என்கிறார்.