கர்சீப் போட்ட சீட்டு

பொங்கல் லீவு முடிஞ்சு லேபுக்கு வந்தா, எங்க புராஜெக்ட் பச்சையா மாறியிருந்தது. போகும்போது அது ஊதா. சின்ன கண்ணாடி பாட்டில், உள்ளே மூணு வார உழைப்பு. மூடியை சரியா இறுக்காம போனது நான்தான்.

அந்த ஊதா சும்மா வந்ததில்ல. நடுவுல ஒரு குரோமியம், சுத்தி ஆறு இடம். மூணுல குளோரின். மீதி மூணுல டெட்ராஹைட்ரோஃபியூரான், சுருக்கமா டிஹெச்எஃப்ங்கிற ஈதர். இப்படி உலோகத்தோடு ஒட்டிக்கிறதை லிகண்ட்னு படிச்சேன். தமிழ்ல அதுக்கு 'ஈனி'ன்னு பேர் இருக்குன்னே தமிழ் மீடியம் நண்பன் சொல்லித்தான் தெரியும்.

நீரில்லாத குரோமியம் குளோரைடை டிஹெச்எஃப்ல போட்டு சூடாக்கினோம். கரையவே இல்லை. +3 நிலையில் இருக்கும் குரோமியம் தன்னைச் சுத்தி இருக்கிறதை லேசில் மாத்தாது. ஒரு சிட்டிகை துத்தநாகப் பொடி போட்டதும் கதை மாறிச்சு. துத்தநாகம் கொஞ்சம் குரோமியத்தை +2 ஆக்குது. +2 சட்டுனு ஆளை மாத்தும், மீதியையும் கரைய வைக்கும். அன்னைக்கு கிளாஸ் பூரா ஊதா. லேபுக்குள்ளேயே கத்தினோம்.

இப்போ பச்சை. திங்கட்கிழமை ரிவ்யூ.

"மச்சி, ஊதா போட்டோ இருக்குல்ல? அதையே ரிப்போர்ட்ல போட்டுடு. பாட்டிலை யாரு கேக்கப் போறாங்க?" என்றான் பார்ட்னர். நானும் சரின்னு தலையாட்டினேன்.

ஞாயிறு சாயங்காலம் அம்மாவோட பெசன்ட் நகர் போயிருந்தேன். திரும்ப மந்தைவெளிக்கு 29சி. டெர்மினஸ்ல பஸ் நிக்கிறதுக்குள்ள ஜன்னல் வழியா கர்சீப்பைப் போட்டேன். ஏறிப் பார்த்தா, அதை ஓரமா தள்ளிட்டு ஒருத்தர் உக்காந்திருந்தார். நான் முறைச்சேன். அம்மா சிரிச்சாங்க. "கர்சீப் போட்டா சீட்டு நம்மளோடதாயிடுமா? வந்து உக்காரணும்ல?"

நின்னுக்கிட்டே வந்தப்போதான் உறைச்சது. டிஹெச்எஃப் ஒரு கர்சீப். 'வீக் லிகண்ட்'னு எழுதி மார்க் வாங்கியிருக்கேன், அந்த வீக்னஸ் எதுக்குன்னு யோசிச்சதே இல்லை. இந்தச் சேர்மத்தைச் செய்யறதே, பிறகு ஈதரை எழுப்பிட்டு நமக்கு வேண்டிய லிகண்டை உக்கார வைக்கத்தான். அதுவரைக்கும் சீட்டைக் காப்பாத்தறது மட்டும்தான் அதோட வேலை. அதை அது ஒழுங்காத்தான் செஞ்சது. நான் விட்ட இடைவெளியில சென்னைக் காத்துல இருந்த தண்ணி முந்திக்கிச்சு. பச்சையை அடுப்புல வெச்சு காயவெச்சாலும் ஊதா திரும்பாது. தண்ணி மட்டும் போகாம, குளோரினும் ஹைட்ரஜன் குளோரைடா கிளம்பிடும்.

மறுநாள் அடையாறில் பஸ் மாறி காலேஜ் போகும் வழியில், சர்தார் படேல் சாலையில் சி.எல்.ஆர்.ஐ. வாசல். 1948-ல் தொடங்கிய தோல் ஆராய்ச்சி நிறுவனம். நாலு வருஷமா தினமும் பார்க்கிற போர்டுதான். தோல் பதனிடுவதும் இதே குரோமியம் சீட்டுக் கதைதான். அங்கே தண்ணீரை மெதுவா எழுப்பிட்டு, தோலின் கொலாஜன் புரதத்தில் உள்ள கார்பாக்சில் தொகுதிகள் இடம் பிடிக்குது. பதனிடாத தோல் 60 டிகிரி செல்சியஸ் தாண்டினதுமே சுருங்க ஆரம்பிக்கும். குரோமியம் ஏறின தோல் 100 டிகிரி வெந்நீரையும் தாங்கும். உக்காந்தவங்க அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க மாட்டாங்க.

ரிவ்யூல ரெண்டு போட்டோவையும் காட்டினேன். ஊதா ஒண்ணு, பச்சை ஒண்ணு. மூடியைப் பத்தியும் சொன்னேன். பக்கத்துல பார்ட்னர் என் காலை மிதிச்சான்.

சார் பாட்டிலை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார். "திரும்ப செய்ய எத்தனை நாள்?"

"மூணு வாரம் சார்."

"அப்போ இன்னைக்கே ஆரம்பிங்க. மூடியை உங்க பார்ட்னர் போடட்டும்."