நூற்றுக்கு நாலுதான்பா

வீட்டுக்கு வரும் மலாய், ஆங்கிலக் கடிதங்களைப் படித்துப் பெற்றோருக்குச் சொல்லும் வேலை நம்மில் பலருக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. தண்ணீர் பில், மருத்துவமனைச் சீட்டு, பள்ளிக் கடிதம் எதுவானாலும் எங்கள் வீட்டில் என் கைக்குத்தான் வரும். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளி என்று படித்த எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையில் நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

2020-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். நான் நான்காம் படிவ மாணவி. அப்பா கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அதுவரை எங்களிடம் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள்தான். பாட்டியை அடிக்கடி மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டி வந்ததும், பழைய மைவி ஒன்றை வாங்க அப்பா முடிவு செய்தார். முன்பணம் போக 33,600 வெள்ளி கடன். விற்பனையாளர் மலாயில் பேசப் பேச, நான் தமிழில் சொன்னேன்.

"வட்டி எவ்ளோம்மா?"

"நூற்றுக்கு நாலுதான்பா. ஏழு வருஷம்னா மாசம் 512 வெள்ளி. அஞ்சு வருஷம்னா 672."

"குறைஞ்சதையே போடச் சொல்லு."

அப்பா கையெழுத்துப் போட்டார். என் வார்த்தையை நம்பித்தான் போட்டார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் மூன்றாம் படிவக் கணிதத்தில் கடனும் வட்டியும் படித்திருந்தேன். மலாயில் வட்டியை 'ஃபாஎடா' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு நன்மை என்றும் ஒரு பொருள் உண்டு. யாருக்கு நன்மை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சோதனையில் அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி வாங்கியதோடு சரி.

ஐந்து ஆண்டுகள் ஓடின. அப்பா ஒரு மாதம்கூடத் தவறாமல் 60 தவணைகளைக் கட்டி முடித்தார். இந்த ஆண்டு ஜனவரியில், "மிச்சக் கடனை மொத்தமா முடிச்சிடலாம்மா" என்றார். தாளில் கணக்கும் போட்டு வைத்திருந்தார். மாதம் கட்டும் 512 வெள்ளியில் முதல் 400, வட்டி 112. மீதம் 24 மாதம். முன்கூட்டியே முடித்தால் அந்த 24 மாத வட்டி 2,688 வெள்ளி கட்டத் தேவையில்லை. ஆகவே 9,600 வெள்ளி இருந்தால் போதும். ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் தொடங்கப்பட்ட மூன்றாம் கணக்கிலிருந்து 10,000 வெள்ளி எடுக்கலாம் என்பது அவர் திட்டம்.

வங்கி கொடுத்த தாளில் இருந்த தொகையோ 11,497 வெள்ளி 41 சென். கழிவு வெறும் 790 வெள்ளி 59 சென்.

"ஏமாத்துறாங்கம்மா" என்றார் அப்பா. முகப்பில் இருந்த பெண்ணிடம் மலாயில் கேட்டேன். அது 78 விதிப்படி போட்ட கணக்கு என்றார். அன்றிரவு ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நண்பர்களே, அந்த விதி ஒன்றும் புரியாத வித்தை அல்ல. பன்னிரண்டு மாதக் கடன் என்றால் 12, 11, 10 என்று 1 வரை கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 78. முதல் மாதத்திற்கு மொத்த வட்டியில் 78-இல் 12 பங்கு, கடைசி மாதத்திற்கு ஒரே ஒரு பங்கு. எங்கள் கடன் 84 மாதம். 84-இலிருந்து 1 வரை கூட்டினால் 3,570. மொத்த வட்டி 9,408 வெள்ளி. அப்படியானால் அப்பா கட்டிய முதல் 512 வெள்ளியில் 221 வெள்ளி 36 சென் வட்டிக்கே போயிருக்கிறது. கடைசித் தவணையில் வட்டி 2 வெள்ளி 64 சென் மட்டுமே. எஞ்சிய 24 மாதங்களுக்கான பங்குகள் 300. அதற்குரிய வட்டிதான் அந்த 790 வெள்ளி 59 சென். மற்ற 8,617 வெள்ளியும் ஐந்து ஆண்டுகளில் முன்னமே போய்விட்டது.

வங்கி ஏமாற்றவில்லை. முன்கூட்டியே கடனை முடிப்பவருக்கு வட்டியில் கழிவு உண்டு என்று 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் சொல்கிறது. அந்தக் கழிவைத்தான் கொடுத்தார்கள். கடன் பெரிதாக இருக்கும் தொடக்க ஆண்டுகளில் வட்டி கூடுதலாக இருப்பதும் புரிந்துகொள்ளக் கூடியதே. தவறு என் 'நூற்றுக்கு நாலுதான்' என்ற சொல்லில் இருந்தது. அந்த நாலு, ஏழு ஆண்டும் முழு 33,600 வெள்ளிக்குப் போட்ட நாலு. மாதா மாதம் முதல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி குறையவில்லை. குறைந்துவரும் கடன்மீது கணக்குப் பார்த்தால் அது ஆண்டுக்கு ஏழு விழுக்காட்டையும் தாண்டுகிறது. 'தான்' என்ற சொல்லை விற்பனையாளர் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தது.

மறுநாள் அப்பாவுக்கு எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் காட்டினேன். நிதானமாகப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்.

"அன்னிக்கு அஞ்சு வருஷம் போட்டிருந்தா?"

"போன மாசமே முடிஞ்சிருக்கும்பா. வட்டியில 2,688 வெள்ளி மிச்சமாகியிருக்கும்."

அவர் எதிர்பார்த்த அதே தொகை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"மாசம் 160 வெள்ளி கூடக் கட்ட அப்போ நான் எங்க போவேன்? பாட்டி மருந்துக்கே பத்தல. நீ என்னம்மா செய்வே, பதினாறு வயசுப் புள்ள" என்றார்.

என்னைத் தேற்றத்தான் சொன்னார். அது உண்மையும்கூட. ஆனால் வசதியில்லாமல் ஏழு ஆண்டைத் தேர்ந்தெடுப்பது வேறு, விலை தெரியாமல் தேர்ந்தெடுப்பது வேறு. அப்பாவுக்கு விலையைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

சேமநிதிப் பணத்தை அப்பா எடுக்கவில்லை. 2024-ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்ட 6.3 விழுக்காட்டு இலாப ஈவின்படி பார்த்தால் 10,000 வெள்ளிக்கு ஓராண்டுக்கு 630 வெள்ளி கிடைக்கும். 790 வெள்ளியை மிச்சப்படுத்த வயதான காலத்துக்கு வைத்த பணத்தை எடுத்து, போதாததற்கு மேலும் 1,500 வெள்ளி தேடுவானேன்? மாதம் 512 வெள்ளியைச் சம்பளத்திலேயே கட்டிவிடலாம் என்று முடிவு செய்தார்.

சென்ற மாதம் அப்பாவுடன் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் கார் கடன் தாள்களோடு வீட்டுக்கு வந்தார். "என் மககிட்ட காட்டு, அவ பார்த்துச் சொல்லுவா" என்று அப்பா அழைத்து வந்திருந்தார். இந்த முறை நான் வெறுமனே மொழிபெயர்க்கவில்லை. வங்கியில் கேட்கச் சொல்லி மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். கடைசிவரை மொத்தம் எவ்வளவு கட்டுவேன்? குறைந்துவரும் கடன்மீது பார்த்தால் வட்டி எத்தனை விழுக்காடு? பாதியில் முடித்தால் அன்று எவ்வளவு தர வேண்டும்?

உங்கள் வீட்டிலும் ஒருநாள் யாராவது தாளை நீட்டி, "என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்பார்கள். எழுதியிருப்பதைச் சொல்லுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை பேனாவைக் கொடுக்காதீர்கள்.