திரிபோஷ கொடுத்து அனுப்பினேன்

நான் கண்டி மலைத் தோட்டங்களில் குடும்பநல மாதாக வேலை செய்தவள். ஒரு பிள்ளையின் நோயைக் கண்டும் காணாதவளாக இருந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

நிறுவை நாளில் அந்தப் பையனின் வளர்ச்சிக் கோடு தட்டையாகக் கிடந்தது. அடுத்தடுத்த மாதங்களிலும் ஏறவில்லை. கைகால் சூம்பியிருந்தன. அடிக்கடி வயிற்றுப்போக்கு. தகப்பன் நெடுநாள் இருமலில் இறந்தவர். எல்லாம் எனக்குத் தெரியும்.

"புள்ளைக்குச் சோறு குடுக்கிறியா இல்லையா?" என்று எல்லார் முன்னிலையிலும் தாயை ஏசினேன்.

"குடுக்கிறேன் மிஸ்ஸி, ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது."

திரிபோஷ சத்துமா பக்கெட்டைக் கொடுத்து அனுப்பினேன்.

2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தோட்டத்துச் சிறுபிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. இவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்று எழுதிவிட்டேன். அது அறியாமை அல்ல. எச்.ஐ.வி. என்ற நினைப்பு எனக்கு வந்தது. கேட்கப் பயந்தேன். கேட்டால் லயமெங்கும் கதை பரவும், பழி என்மேல் விழும் என்று பயந்தேன். என் பிரிவில் அந்த நோய் கிடையாது என்ற பெருமையும் இருந்தது.

அதே 2016இல், எச்.ஐ.வி. என்ற பொய் வதந்தியால் குளியாப்பிட்டியில் ஒரு சிறுவனைப் பள்ளியில் இருக்கவிடாமல் மற்றப் பெற்றோர் எதிர்த்தார்கள். கண்டி டிரினிட்டி கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பெற்றோரை வாய் நிறையத் திட்டினேன். அவர்கள் பயமும் என் பயமும் ஒன்றுதான். அவர்கள் வெளியே சொன்னார்கள். நான் பதிவேட்டுக்குள் ஒளித்துவைத்தேன்.

நான் தள்ளிப்போட்ட மாதங்களில் கிருமி சும்மா இருக்கவில்லை. அதை எதிர்த்து உடல் ஓயாமல் போராடும். தின்ற சோறு அதற்கே செலவாகும். பழுதான குடலில் சத்துச் சேராது. தசை கரையும். எலும்பை அரிக்கும் உயிரணுக்கள் கட்டும் உயிரணுக்களை முந்தும். எலும்பு நீளுவது தாமதமாகும். மருந்து தொடங்கினால் எடை முதலில் திரும்பும். உயரம் மெதுவாகவே வரும். பிந்தித் தொடங்கிய பிள்ளைகள் பலருக்கு அது முழுதாக வருவதில்லை.

ஒரு வைத்தியர் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகே நோய் தெரிந்தது. இன்று அவன் மருந்தோடு நலமாக இருக்கிறான். வகுப்பில் அவன்தான் குள்ளம்.

தன் சமையலில்தான் குறை என்று அந்தத் தாய் வெகுகாலம் நம்பினாள். நம்பவைத்தவள் நான். அவள் முகம் பார்த்து இதைச் சொல்லும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.