கம்பு ரொட்டியும் சுகர் மாத்திரையும்

கோவில்பட்டிப் பக்கம் ஓ.பி.யில உக்காந்தா அடிக்கடி காதுல விழுற பேச்சு: "சார், அரிசிய விட்டுட்டேன். மூணு வேளையும் கம்பு ரொட்டிதான். அதனால மாத்திரைய நிறுத்திட்டேன்." ரத்தம் எடுத்துப் பாத்தா சுகர் 300-ஐத் தாண்டி நிக்கும்.

அதுக்காகத்தான் இந்தப் பதிவு. கம்பு மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கரிசக்காட்டு நாக்கு இது.

நம்ம வீட்டு ரொட்டியையே எடுத்துக்கோங்க. கோதுமையில இருக்கிற குளூட்டன் கம்புல கிடையாது. சப்பாத்திக் கட்டையால தேய்ச்சா விண்டு போகும். அதான் வெந்நீர் ஊத்திப் பிசையுறோம்; அந்தச் சூட்டுல மாவு லேசா வெந்து ஒட்டிக்கும். பிறகு ஈரத்துணியில வச்சுக் கையால தட்டி, கல்லுல போடுறது. கூட முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம். கம்புல கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி, மாவு சீக்கிரம் கசந்துரும். அதனால தேவைக்கு மட்டும் அப்பப்ப திரிச்சுக்கிட்டாங்க. அயர்லாந்து கிராமங்கள்லயும் ஈஸ்ட் இல்லாம மோரும் சோடா உப்பும் சேத்து, இரும்புச் சட்டி மூடி மேல தணலை அள்ளிப் போட்டு ரொட்டி சுட்டிருக்காங்க. ஏழை வீட்டு அடுப்புக்கு எந்த ஊர்லயும் மூளை ஜாஸ்திதான்.

இப்ப கணக்குக்கு வருவோம். 100 கிராம் அரிசியில மாவுச்சத்து சுமார் 78 கிராம். கம்புல 62. நார்ச்சத்து 11 கிராம், இரும்புச்சத்து 6 மில்லிகிராம்; இது நெசமாவே நல்ல விஷயம். ஆனா ஒரு ரொட்டிக்கு 50 கிராம் மாவுன்னு வச்சாலும், நாலு ரொட்டி தின்னா 120 கிராம் மாவுச்சத்து உள்ள போயிருக்கு. தாத்தா அதைத் தின்னுட்டுப் பொழுது சாயுற வரைக்கும் பருத்திக்காட்டுல நின்னாரு. நாம தெருமுனைக் கடைக்கே பைக்குல போறோம்.

பாக்கெட் மாவைக் கஞ்சியாக் காய்ச்சிக் குடிக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும். நைஸா அரைச்சது, மெல்லுற வேலையே இல்லை. சர்க்கரை சட்டுனு ஏறும்.

"அந்தக் காலத்துப் பொம்பளைங்க சோம்பேறி இல்ல"ன்னு ஃபார்வர்டு அனுப்புறவங்களுக்கு ஒண்ணு. 2011-ல ரேஷன் அரிசி இலவசமாச்சு. உலக்கை அதுக்கும் ரொம்ப முன்னாடியே மூலைக்குப் போயிருச்சு. அதைப் புடிச்சுக் கம்பு குத்துன பாட்டிகள் இன்னைக்கும் தோள்வலின்னு வர்றாங்க. திரும்பக் குத்துறீங்களான்னு அவங்ககிட்டக் கேட்டுப் பாருங்க.

ரெண்டு ரொட்டி, நிறையக் கீரை, கொஞ்சம் பயறு. டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. சாப்பாட்டோட குடிச்சா இரும்புச்சத்து உடம்புல சேராது. சாப்பிட ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரத்துல ஒருக்கா சுகர் பாருங்க. அது குறைஞ்சிருந்தா மாத்திரையைக் குறைக்கிறதப் பத்தி உங்க டாக்டரே பேசுவாரு. அதுவரைக்கும் மாத்திரையை விட்டுறாதீங்க.