அக்காவின் கோலமும் ஒரு பழைய கோப்பும்

போன மார்கழியில் ஒரு நாள் காலை கும்பகோணத்திலிருந்து அக்கா கூப்பிட்டாள். "ஏண்டா, அந்த ஏழு புள்ளிக் கோலம் உன்கிட்ட இருக்கா? அந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தியே, அது."

அக்காவுக்கு வயது 81. இரண்டு வருடமாகக் கை நடுக்கம். வாசலில் குனிந்து கோலம் போடுவது நின்றுவிட்டது. பேத்தி புது வீட்டுக்குக் குடிபோயிருக்கிறாள். முதல் பொங்கலுக்குப் பாட்டியின் சிக்குக் கோலத்தைத்தான் வாசலில் போட வேண்டும் என்று பிடிவாதம். அக்கா சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் வெளிச்சுற்று சரியாக வருகிறது, உள்ளே இழை எந்தப் பக்கம் திரும்பும் என்பது மறந்துவிட்டது. "கைக்குத் தெரியும்டா, வாய்க்குத் தெரியலை. இப்ப கையும் கேக்க மாட்டேங்குது" என்றாள். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

அந்தக் கோலம் என் கணினிக்குள் வந்த கதை 1996 கோடை விடுமுறையில் தொடங்கியது. அப்போது நான் கல்லூரியில் கணக்கு வாத்தியார். சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும், அவரோடு ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோரும் 1970-களிலேயே கோலங்களை இலக்கண விதிகளாக எழுதலாம் என்று காட்டியிருந்தார்கள். அதைப் படித்த எனக்கும் ஆசை வந்தது. அவ்வளவு பெரிய ஆராய்ச்சி எல்லாம் இல்லை. அக்கா போடும் கோலங்களைக் கணினியில் எழுதி அச்சடித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா கட்டம் போட்ட தாளில் வரைவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்வேன்.

எழுதியது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மொழியில். அடோபி நிறுவனத்தில் ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கேயும் 1984-இல் கொண்டுவந்தது. அடுத்த வருடமே ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி இந்த மொழியைப் புரிந்துகொண்டு வெளிவந்தது. போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்புக்குள் படம் என்று ஒன்று இருக்க வேண்டியதில்லை. 'இந்த இடத்துக்குப் போ, இங்கிருந்து அங்கே கோடு இழு, இந்தப் புள்ளியைச் சுற்றி இவ்வளவு வளை' என்று கட்டளைகள் எழுத்தாகவே இருக்கும். அக்கா எனக்குச் சொன்ன மாதிரியேதான்.

இன்னொரு வேடிக்கை. அந்த மொழியில் எண்கள் முன்னால் வரும், வினை கடைசியில் வரும். '100 200 மூவ்டு' என்று எழுத வேண்டும். நம் தமிழிலும் வினைச்சொல் கடைசியில்தானே வருகிறது! ஆங்கிலம் படித்த மாணவர்கள் இதில் தடுமாறியபோது, எனக்கு ஏனோ இது பழகின பேச்சாகவே இருந்தது.

ஏழு புள்ளிக் கோலம் என்றால் நடு வரிசையில் 7, மேலும் கீழும் 5, 3, 1 என்று குறைந்துகொண்டே போகும் நேர்ப்புள்ளி. மொத்தம் 25 புள்ளிகள். முழுக்கோலத்தையும் எழுதத் தேவையில்லை. கால் பாகத்தை எழுதி, 'இதைப் போடு, 90 பாகை திருப்பு, இப்படி நாலு தடவை செய்' என்று ஒரு வரி சேர்த்தால் மற்ற மூன்று பாகமும் தானே வந்துவிடும். இப்படி 11 கோலங்களை எழுதினேன். ஒவ்வொரு கோப்பும் 3 கிலோபைட்டுக்குள்தான். எல்லாம் சேர்ந்து ஒரு ஃப்ளாப்பியில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

ஃப்ளாப்பியிலிருந்து சி.டி., சி.டி.யிலிருந்து ஹார்ட் டிஸ்க் என்று வீடு மாறுவது போல மாறி மாறி அந்தக் கோப்புகள் பிழைத்திருந்தன. அக்காவிடம் கொடுத்த அச்சுத் தாள்கள்தான் பிழைக்கவில்லை. அவை இருந்த பரண் பெட்டியைக் கரையான் அரித்துவிட்டது.

என் மகன் தன் மடிக்கணினியில் ஒரு கோப்பைத் திறந்து பார்த்தான். படம் பார்க்கும் மென்பொருள் திறக்க மறுத்துவிட்டது. "அப்பா, ரொம்பப் பழைய ஃபார்மட். எங்கேயாவது குடுத்து எல்லாத்தையும் ஃபோட்டோவா மாத்திடலாம், இதை டெலீட் பண்ணிடுங்க" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. நானும் சரி என்றுதான் தலையாட்டினேன்.

அழிப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஈமாக்ஸைத் திறந்தேன். 30 வருடமாக நான் எழுதுவதெல்லாம் அந்த எடிட்டரில்தான், இந்தக் கட்டுரையையும் சேர்த்து. 1996-இல் நான் வைத்திருந்த ஈமாக்ஸுக்கு எழுத்து மட்டும்தான் காட்டத் தெரியும். கோலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கோப்பைச் சேமித்துவிட்டு, கோஸ்ட்வியூ என்ற வேறொரு ஜன்னலுக்குப் போய்ப் பார்த்து, திரும்பி வந்து திருத்த வேண்டும். வாசலுக்கும் அடுக்களைக்கும் நடக்கிற மாதிரி நடை. 2001-இல் வந்த ஈமாக்ஸ் 21-தான் எழுத்துக்கு நடுவே படத்தையும் காட்டத் தொடங்கியது. அதிலும் போஸ்ட்ஸ்கிரிப்ட் படம் என்றால் அகலம், உயரம், எல்லை மூன்றையும் நாமே சொல்ல வேண்டும். 2009-இல் ஈமாக்ஸ் 23-ஓடு டாக்வியூ என்ற வசதி வந்த பிறகு அந்தக் கஷ்டமும் போயிற்று.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஈமாக்ஸுக்குப் போஸ்ட்ஸ்கிரிப்டை வரைந்து காட்டத் தெரியாது. ஜாதகம் நம் வீட்டுப் பெட்டியில் இருந்தாலும் பலன் கேட்க ஜோசியரிடம் போகிறோம் அல்லவா, அப்படி அது கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற தனி மென்பொருளிடம் கோப்பைக் கொடுக்கும். பீட்டர் டாய்ட்ச் என்பவர் எழுதி 1988-இல் வெளியிட்டது அது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றி, பக்கத்தைப் படமாக்கித் திருப்பிக் கொடுக்கும். ஈமாக்ஸ் அந்தப் படத்தை நம் கண்முன் வைக்கும். என் புதுக் கணினியில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் இல்லை. அதனால் முதலில் ஒன்றும் வரவில்லை. அதை நிறுவிய பிறகு கோப்பைத் திறந்தேன். எழுத்தாகத் திறந்தது. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு சி-யை இரண்டு முறை தட்டினேன்.

கொஞ்ச நேரம் திரை சும்மா இருந்தது. பிறகு அக்காவின் கோலம் வந்து நின்றது.

மறுபடி அதே இரண்டு தட்டு தட்டினால் எழுத்து. இன்னும் ஒரு முறை தட்டினால் கோலம். சின்னப் பையன் விளக்கைப் போட்டு அணைத்து விளையாடுவது போல நாலைந்து தடவை தட்டிப் பார்த்தேன்.

அன்று மாலை வீடியோவில் அக்காவையும் பேத்தியையும் கூப்பிட்டேன். கோலத்தைக் காட்டினேன். அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். உள்ளே இழை திரும்பும் இடத்தைப் பேத்தி பெரிதாக்கிக் காட்டச் சொன்னாள், காட்டினேன். நான் எழுத்துப் பக்கத்துக்குப் போய் ஒவ்வொரு வரியாக, 'நடுப்புள்ளிக்கு வலது பக்கம் இறங்கு, அடுத்த புள்ளியைச் சுற்றி மேலே ஏறு' என்று தமிழில் சொல்லச் சொல்ல அவள் நோட்டில் போட்டாள். நாலாவது தடவை இழை சரியாக வந்துவிட்டது.

அப்போதுதான் அக்கா கேட்டாள். "அதெல்லாம் சரிடா, நாலு கோடியிலும் இழை அறுந்திருக்கே, அதைச் சரி பண்ணவே இல்லையா?"

உற்றுப் பார்த்தேன். உண்மைதான். நான்கு முனைப் புள்ளிகளையும் சுற்றி வரும் வளைவு முழுதாக மூடாமல் பாதியில் நின்றது. எழுத்துக்குப் போய்த் தேடினேன். 270 பாகை வளைய வேண்டிய இடத்தில் 180 என்று எழுதியிருந்தேன். கால் பாகத்தைத்தானே நாலு தடவை திருப்பிப் போடச் சொல்லியிருந்தேன்? ஒரு தப்பு நாலாகிவிட்டது.

அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது. போஸ்ட்ஸ்கிரிப்டில் சதவீதக் குறி போட்டு எழுதினால் அது நமக்கு மட்டும்தான், அச்சில் வராது. அந்தக் காலத்தில் என் கணினியில் தமிழ் அடிக்க வழியில்லை. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தேன்: 'அக்கா சாப்பிடக் கூப்பிடுகிறாள். மீதி நாளைக்கு.' மறுநாள் அந்த வளைவை முடிக்க மறந்து அடுத்த வேலைக்குப் போயிருக்கிறேன் போலிருக்கிறது.

படித்துக் காட்டினேன். அக்கா சிரித்தாள். "அச்சடிச்சுக் குடுத்தப்பவே பாத்தேண்டா. நாலு இடத்துலயும் பேனாவால நானே இழுத்து விட்டுட்டேன்."

"ஏன் சொல்லலை?"

"நீ லீவு பூரா உக்காந்து மெனக்கெட்டது. தப்புன்னு சொன்னா முகம் வாடிப்போயிடும். அதான் விட்டுட்டேன்."

ஏறக்குறைய 30 வருடம் அந்தப் பேனாக் கோடுகளைப் பற்றி எனக்குத் தெரியாது. அவை இருந்த தாளும் இப்போது இல்லை.

180-ஐ 270 ஆக்கிச் சேமித்துவிட்டு இரண்டு தட்டு தட்டினேன். நாலு கோடியும் மூடிக்கொண்டன. "இப்பதான் கோலம்" என்றாள் அக்கா.

மகனிடம் சொல்லிவிட்டேன். படமாக மாற்றிக் கொடு, பேத்திக்கும் அனுப்பு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூலக் கோப்பை அழிக்கக் கூடாது. படத்தில் கோலம் மட்டும்தான் இருக்கும். எந்த வழியாகப் போனோம், எங்கே நிறுத்தினோம், யார் சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் எழுத்தில்தான் இருக்கிறது. படத்தில் அறுந்த இழையைப் பார்க்கலாம், அதை ஒட்ட எழுத்துக்குத்தான் போக வேண்டும்.

உங்களில் யாராவது பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்புகள் வைத்திருந்தால் இப்படித் திறந்து பாருங்கள். உங்களுடைய கோப்பு என்றால் மட்டும். போஸ்ட்ஸ்கிரிப்ட் என்பது முழு நிரல்மொழி. முன்பின் தெரியாதவர் அனுப்பியதைத் திறந்தால் வம்பு வரலாம்.

பொங்கலன்று பேத்தி வாசலில் போட்ட கோலத்தின் படம் வந்தது. நாலு முனையிலும் இழை மூடியிருந்தது. மீதிப் பத்துக் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து அக்காவுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை இன்னும் மூன்று இடத்தில், "இதுவும் நான் பேனாவால போட்டதுதான்" என்றாள்.